ஆறு பேர், ஓர் ஆறு: நகைச்சுவைக் கதைகளில் மறைந்திருக்கும் கணக்குப் புதிர்

ஆய்வுச்சுருக்கம்

நகைச்சுவைக் கதைகளில் பொதிந்துள்ள கணக்குப் புதிர்களைக் கதைக்கு இட்ட அணியாகவோ, கணக்கைப் புகட்டுவதற்கான உறையாகவோ கொள்வது பொதுவான வழக்கம். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் வரும் ஆறு கடக்கும் நிகழ்ச்சியை முதன்மைச் சான்றாகக் கொண்டு, இத்தகைய கதைகளில் சிரிப்பு பிறக்கும் நொடிக்கும் விடை புலப்படும் நொடிக்கும் உள்ள உறவை இக்கட்டுரை ஆராய்கிறது. யானைப் பங்கீடு, அப்பப் பங்கீடு, எட்டேகால் புதிர், லூயிஸ் கரோலின் கதைகள் ஆகியவை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் கேட்ட வாய்மொழி வடிவம் ஒன்றும் இணைத்து நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பரமார்த்த குரு கதை, வீரமாமுனிவர், கணக்குப் புதிர், நகைச்சுவை, எண்ணுதல், தொரப்பள்ளி.

முன்னுரை

பரமார்த்த குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவரும் ஆற்றைக் கடந்த கதை தமிழ்நாட்டில் பெரிதும் அறியப்பட்டது. கரையேறியதும் ஒருவன் எண்ணுகிறான், ஐவரே இருக்கின்றனர். வேறொருவன் எண்ணுகிறான், அப்போதும் ஐவரே. எண்ணியவர் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு எண்ணுகின்றனர். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டதென்று அழுகை எழுகிறது. அவ்வழியே வந்த ஒருவன், தன் மந்திர வலிமையால் காணாமற்போனவரை வருவிப்பதாகச் சொல்லிப் பணத்தைப் பெற்றுக்கொண்டு, தடியால் ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி கொடுக்கிறான். அடிபட்டவர் தத்தம் பெயரைச் சொல்லி எண்ணிக்கை கூட்ட, ஆறு பேரும் கிடைத்துவிடுகின்றனர்.

வீரமாமுனிவர் (1680–1747) எழுதிய இக்கதைத் தொகுதியின் தமிழ் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பெஞ்சமின் பாபிங்டன் 1822இல் இலண்டனில் அச்சிட்டார். இலக்கிய வரலாற்று நூல்கள் இதனைத் தமிழ் உரைநடை எள்ளலின் முன்னோடியாகப் பேசுகின்றன. நாட்டார் வழக்காற்றியலார், ‘தம் எண்ணிக்கையைத் தாமே அறியாத மூடர்’ என்னும் 1287ஆம் கதைவகையில் இதனை வைப்பர். இவ்விரண்டு நோக்கும் சரியானவையே. ஆயினும், இக்கதை ஏன் சிரிக்க வைக்கிறது என்ற வினாவுக்கு ‘அவர்கள் முட்டாள்கள்’ என்பதற்கு மேல் இவை விடை தருவதில்லை. அதே தொகுதியில் இவர்கள் செய்யும் வேறு பல மடத்தனங்கள் இவ்வளவு நினைவில் நிற்கவில்லை. இந்த ஒன்று நிலைத்ததற்குக் காரணம் அதனுள் இருக்கும் கணக்கு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கணக்கில் பிழையில்லை

எண்ணியவர்களைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால், அவர்களிடம் கணக்குப் பிழை இல்லை என்பது புலனாகும். ஒன்று முதல் ஐந்து வரை எண்களின் வரிசை தவறவில்லை. எவரும் இருமுறை எண்ணப்படவில்லை; கண்முன் நின்ற எவரும் விடுபடவில்லை. தவறு எண்ணுதலில் இல்லை. எண்ணப்பட வேண்டிய கூட்டம் எது என்று வரையறுத்ததில் இருக்கிறது. கண்ணில் படுபவரே கூட்டம் என்று கொண்டால் ஐந்து என்பதே சரியான விடை.

இதைவிட நுட்பமானது, அவர்கள் சரிபார்க்கவும் செய்கிறார்கள் என்பது. ஒருவன் எண்ணி விட்டுவிடவில்லை. ஆள் மாற்றி மீண்டும் எண்ணுகின்றனர். எவர் எண்ணினாலும் ஒரே விடை வருகிறது. பத்துப் பேர் இருந்திருந்தால் பத்துப் பேரும் ஒன்பது என்றிருப்பர். நூறு பேர் இருந்திருந்தால் நூறு முறையும் தொண்ணூற்றொன்பது வந்திருக்கும். சரிபார்ப்பு கூடக்கூடப் பிழை உறுதிப்படுகிறதேயன்றிக் குறையவில்லை. பலர் தனித்தனியே முயன்று ஒரே முடிவை அடைந்தனர் என்பதை நாம் வழக்கமாக உண்மைக்குச் சான்றாகக் கொள்கிறோம். அனைவரும் ஒரே இடத்தில் நின்று பார்த்தால் அச்சான்றுக்கு மதிப்பில்லை என்பதை இக்கதை சிரித்துக்கொண்டே காட்டுகிறது. (முந்தைய ஆய்வுகள் அனைத்தும் ஒருமனதாகச் சொல்வதால் என்று தொடங்கும் வாக்கியங்களை என் ஆய்வேட்டில் நானும் எழுதியிருக்கிறேன்.)

இது தற்செயலாக அமைந்ததன்று. ஆற்றைக் கடப்பதற்கு முன்னர் அவர்கள் செய்யும் சோதனையும் இதே அமைப்பை உடையது. ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று அறிய எரியும் கொள்ளிக்கட்டையை நீரில் வைக்கின்றனர். நீர் சீறுகிறது, புகை எழுகிறது, ஆறு விழித்திருக்கிறது என்று அஞ்சிப் பின்வாங்குகின்றனர். பிறகு அதே கட்டையை மீண்டும் நீரில் வைக்கின்றனர். கட்டை முன்பே அணைந்துவிட்டதால் ஓசையில்லை. ஆறு உறங்கிவிட்டது என்று முடிவு செய்கின்றனர். கருதுகோள், சோதனை, மறுசோதனை எல்லாம் முறைப்படி நடக்கின்றன. சோதிக்கும் கருவி மாறிவிட்டதை மட்டும் எவரும் கருதவில்லை. முதற் சோதனையில் கருவியைக் கணக்கில் சேர்க்க மறந்தவர்கள், அடுத்த கரையில் எண்ணுபவனைக் கணக்கில் சேர்க்க மறக்கிறார்கள். இவ்விரு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதை வெறும் கோவை என்று கருத இயலவில்லை.

வழிப்போக்கனின் தீர்வும் கருதத்தக்கது. அவனே விரல் நீட்டி ஆறு என்று எண்ணிக் காட்டியிருக்கலாம்; வெளியாள் ஆதலால் அவன் கணக்குச் சரியாகவே வரும். அவன் அப்படிச் செய்யவில்லை. ஓர் ஆளுக்கு ஓர் அடி, ஓர் அடிக்கு ஓர் எண் என்று பொருத்துகிறான். தன் முதுகில் விழுந்த அடியை எவனும் கணக்கில் சேர்க்க மறக்க மாட்டான். வாய்மொழியாக வழங்கும் வடிவங்களில் அடிக்குப் பதிலாகச் சாணத்திலோ மணலிலோ அனைவரும் மூக்கைப் பதித்துவிட்டுக் குழிகளை எண்ணுவர். கணக்கு நோக்கில் இதுவே சிறந்த வழி. ஆட்களைத் தடங்களாக மாற்றியபின் எண்ணுபவன் கூட்டத்துக்கு வெளியே வந்துவிடுகிறான். நகைச்சுவை நோக்கில் எனக்கு அடியே உயர்ந்ததாகப் படுகிறது. சாணத்தில் சிரிப்பு மூக்கோடு நின்றுவிடுகிறது. அடியிலோ காசு கொடுத்து வலியை வாங்கி, அந்த வலியினால் தன் இருப்பை உறுதிசெய்துகொண்டு, நன்றியும் சொல்கிறார்கள்.

ஆறும் ஆறும்

இதே புதிர் பிற இடங்களில் வேறு எண்களோடு வழங்குகிறது. இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டளவில் வழங்கிய கோத்தம் ஊராரின் கதையில் மீன் பிடிக்கச் சென்றோர் பன்னிருவர். வேதாந்த மரபில் ஆற்றைக் கடந்தோர் பதின்மர். பரமார்த்தரின் கூட்டத்தில் மட்டும் அறுவர். தமிழில் அந்த எண்ணின் பெயரே அவர்கள் கடந்த நீர்நிலையின் பெயரும் ஆகும். ஆறு பேர் ஆற்றைக் கடக்கின்றனர். கரையேறியதும் ‘ஆறு’ காணாமற்போகிறது. அதை விழுங்கியதாகக் குற்றம் சாட்டப்படுவதும் ஆறே.

ஆசிரியர் இதை எண்ணியே அமைத்தார் என்று நிறுவ மூலத்தில் வெளிப்படையான சான்று இல்லை. ஆயினும் ஒரு சொல் பல பொருள் குறிப்பதைத் தொகுக்கும் பெயரகராதியை உட்கொண்ட சதுரகராதியை 1732இல் முடித்தவர் அவர். இச்சொல்லின் இருபொருள் அவர் செவியில் படாமல் போயிருக்கும் என்று நம்புவது கடினம். குருவுக்குச் சீடர் ஐவர் என்ற அமைப்பே இந்த ஆற்றங்கரைக்காக வகுக்கப்பட்டதோ என்று கேட்கவும் இடமுண்டு. இதனை என் ஊகமாகவே முன்வைக்கிறேன். தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்த எண்ணுக்கு ஏறத்தாழ இதே ஒலிதான். அவ்வொலி அம்மொழிகளில் நீரோட்டத்தைக் குறிப்பதில்லை. ஆகவே மொழி மாறினால் புதிர் அப்படியே செல்லும். சிலேடை இக்கரையிலேயே நின்றுவிடும்.

வேதாந்த வடிவத்தில் புதிர் வேறு வேலை செய்கிறது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வித்யாரணியரின் பஞ்சதசியில் இக்கதை விரிவாக ஆளப்படுகிறது. அண்மைக் காலத்தில் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியும் இதை எடுத்தாண்டார். பத்தாமவனைத் தேடி அழுவோனிடம், அந்தப் பத்தாமவன் நீயே என்று ஒருவர் உணர்த்துகிறார். இழந்தது எதுவுமில்லை, மறந்தது மட்டுமே என்பது அதன் பொருள். அங்கே கேட்பவர் அழுபவனோடு ஒன்றுகிறார். பரமார்த்தர் கதையில் கேட்பவர் அழுபவனிடமிருந்து விலகி நின்று சிரிக்கிறார். ஒரே கணக்கு ஓரிடத்தில் ஞானமாகவும் மற்றோரிடத்தில் நகையாகவும் ஆவது, கேட்பவர் எங்கே நிறுத்தப்படுகிறார் என்பதைப் பொறுத்தது.

விடை பிந்தி வரும் கதைகள்

எல்லாக் கதைகளிலும் விடை இவ்வாறு கேட்பவர் கையில் முன்கூட்டியே இருப்பதில்லை. பதினேழு யானைகளை மக்கள் மூவர் 1/2, 1/3, 1/9 என்ற பங்கில் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று தந்தை எழுதிவைத்த கதை, அறிவாளி அமைச்சர் ஒருவரின் பெயரால் சொல்லப்படுவதைப் பலரும் கேட்டிருப்பர். அமைச்சர் தம் யானையைச் சேர்த்துப் பதினெட்டாக்கி 9, 6, 2 எனப் பிரித்துக் கொடுத்துவிட்டு, தம் யானையிலேயே ஏறித் திரும்புகிறார். அவையில் சிரிப்பு எழுகிறது. கதை முடிந்து வீடு திரும்பும்போதுதான் ஐயம் தோன்றும். மூன்று பங்குகளையும் கூட்டினால் 17/18 மட்டுமே வருகிறது. உயில் சொன்னபடியே பிரித்தால் 8 1/2, 5 2/3, 1 8/9 போக 17/18 யானை எவருக்கும் இல்லாமல் எஞ்சும். அமைச்சர் உயிலை நிறைவேற்றவில்லை. எஞ்சியதையும் அதே விகிதத்தில் மூவருக்கும் பகிர்ந்துவிட்டார். ஒவ்வொருவருக்கும் உரியதற்கு மேல் கிடைத்ததால் எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. கணக்கில் இருந்த ஓட்டையை மனநிறைவால் அடைத்த கதை இது. மல்பா தஹான் என்ற புனைபெயரில் எழுதிய பிரேசில் நாட்டுக் கணித ஆசிரியர் 1938இல் வெளியிட்ட நூலில் ஒட்டகங்கள் முப்பத்தைந்து. அங்கே ஓர் ஒட்டகம் சேர்க்கப்பட்டு இரண்டு மிஞ்சுகின்றன. கணக்கன் ஒன்றைக் கடன் கொடுத்தவரிடம் திருப்பிவிட்டு மற்றதைத் தன் கூலியாக எடுத்துக்கொள்கிறான். ஓட்டை இருப்பதை அறிந்தவன் அவன்; அந்த வடிவமே எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது.

இக்கதையின் பின்னங்கள் மற்றொன்றையும் சொல்கின்றன. தமிழ்க் கணக்கில் அன்றாடம் வழங்கியவை அரை, கால், அரைக்கால், மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) போன்றவை. இவற்றின் கீழ் எண்கள் இரண்டாலும் ஐந்தாலும் ஆனவை. கீழ்முந்திரி வரை இறங்கினாலும் அப்படியே. மூன்றில் ஒன்றையோ ஒன்பதில் ஒன்றையோ இவற்றைக் கூட்டிச் சரியாகச் சொல்ல முடியாது. எண்சுவடி மனப்பாடம் செய்த ஒரு தந்தை 1/3, 1/9 என்று உயில் எழுதுவது இயல்பாக இல்லை. இக்கதை வேற்றுமண்ணிலிருந்து வந்திருக்கக்கூடும் என்பதற்கு அதன் கணக்கே சான்றாகிறது. கதைகளின் இடப்பெயர்ச்சியை ஆராய்வோர் பெயர்களையும் பொருள்களையும் நோக்குவதுபோல் பின்னங்களையும் நோக்கலாம்.

அப்பக் கதை இதற்கு நேர்மாறானது. ஒருவனிடம் ஐந்து அப்பம், மற்றவனிடம் மூன்று. மூன்றாவதாக வந்தவனும் சேர்ந்து மூவரும் சமமாக உண்கின்றனர்; வந்தவன் எட்டுக் காசு தந்து செல்கிறான். மூன்று அப்பக்காரனுக்கு மூன்று காசு தருவதாக மற்றவன் சொல்ல, அவன் பாதியைக் கேட்டு வழக்குக்குப் போகிறான். தீர்ப்பில் அவனுக்கு ஒரே காசு கிடைக்கிறது. ஒவ்வோர் அப்பத்தையும் மூன்றாக்கினால் மொத்தம் 24 துண்டு, ஆளுக்கு எட்டு. மூன்று அப்பத்துக்குரிய ஒன்பது துண்டில் எட்டை அவனே உண்டுவிட்டான். விருந்தாளிக்குப் போனது ஒன்று. இங்கே சிரிப்பு தீர்ப்பில் பிறக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தபின் அச்சிரிப்பு வலுப்பெறுகிறதேயன்றி யானைக் கதையிற்போல ஐயமாக மாறுவதில்லை.

கணக்கைக் கதைக்குள் வேண்டுமென்றே ஒளித்துவைத்தவர்களில் முதன்மையானவர் லூயிஸ் கரோல். 1880 முதல் இதழொன்றில் தொடராக வந்து 1885இல் நூலான அவருடைய பத்துக் கதைகளை அவர் ‘முடிச்சு’கள் என்றே அழைத்தார். குழந்தைகளுக்கு ஜாமில் மருந்தை மறைத்துத் தருவதைப்போல ஒவ்வொன்றிலும் கணக்கை வைத்ததாக முன்னுரையில் சொல்கிறார். அந்த மறைப்பு குழந்தையை ஏமாற்றுவதில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். முதல் முடிச்சில் இரு வீரர் மூன்று மணிக்குப் புறப்பட்டு மலையேறி இறங்கி ஒன்பது மணிக்குத் திரும்புகின்றனர். சமநிலத்தில் மணிக்கு நான்கு மைல், ஏற்றத்தில் மூன்று, இறக்கத்தில் ஆறு. சமநிலம் எவ்வளவு என்று சொல்லப்படாமலே 24 மைல் என்ற விடை கிடைக்கிறது. ஏனெனில் எந்த ஒரு மைலையும் போய்வர அரைமணியே ஆகும். அழகான கணக்கு. ஆனால் வீரர்களின் வேடிக்கைப் பேச்சுக்கும் இந்த அழகுக்கும் தொடர்பில்லை. பேச்சை நீக்கினாலும் கணக்கு நிற்கும். கணக்கை நீக்கினாலும் பேச்சு நிற்கும். பரமார்த்தரின் ஆற்றங்கரையில் கணக்கை நீக்கினால் கதையே இல்லை. கரோலை நான் விரும்பிப் படிப்பவள் என்றாலும், இந்த ஒரு வகையில் அவருடைய கதைகள் நம் பாட்டிமார் கதைக்கு அடுத்த படியில் நிற்பவை என்றே சொல்வேன்.

நம் பாடநூல்களின் வாக்கியக் கணக்குகளுக்கும் இதே குறை உண்டு. ஒருவர் அறுபது தர்ப்பூசணி வாங்குவார். ஏன் வாங்கினார் என்று எவரும் கேட்பதில்லை. காரிநாயனாரின் கணக்கதிகாரம் பூசணிக்காயை உடைக்காமலே விதைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் விதி ஒன்றைத் தருகிறது. பரமார்த்தரின் சீடர்களோ பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலைக்கு வாங்குகின்றனர். உடைக்காமலே உள்ளே இருப்பதை அறிந்துவிட வேண்டும் என்ற ஆசை இரண்டுக்கும் பொது.

ஔவையார் பெயரால் வழங்கும் எட்டேகால் புதிர் மற்றோர் எல்லையில் நிற்கிறது. எட்டுக்குத் தமிழ்க் குறி அகரத்தை ஒத்தது. காலுக்குக் குறி வகரத்தை ஒத்தது. இரண்டையும் அடுத்தடுத்து எழுத ‘அவ’ என்றாகி, அடுத்து வரும் சொல்லோடு சேர்ந்து வசையாகிறது. குறிகளை அறிந்த அவையில் விடையும் சிரிப்பும் ஒரே நொடியில் விழுந்திருக்கும். இன்று வகுப்பில் இதைச் சொல்லும்போது முதலில் கரும்பலகையில் குறிகளை எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. விடை முன்பே வந்துவிடுகிறது. பிறகு மாணவர் மரியாதைக்காகச் சிரிக்கின்றனர். புதிரில் ஒரு சொல்லும் மாறவில்லை. எண்குறிகள் வழக்கிழந்ததால் நகைச்சுவை மட்டும் இறந்துவிட்டது. அடிக்குறிப்பால் பொருளைக் காக்கலாம். சிரிப்பைக் காக்க இயலாது.

தொரப்பள்ளித் திண்ணை

தென்பெண்ணைக் கரைப் பகுதியில் உள்ள தொரப்பள்ளி, 1878இல் இராஜாஜி பிறந்த ஊர். இயற்பியல், வேதியியலோடு கணிதத்தையும் தமிழில் சொல்வதற்காக 1916இல் சேலத்தில் அறிவியற் கலைச்சொற் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். இன்று அவ்வூரைச் சுற்றிலும் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்கள் ஓடுகின்றன. ஒரே திண்ணையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து கேட்கும்.

அங்கே ஒரு மாலையில் மூதாட்டி ஒருவரிடம் இக்கதையைப் பதிவு செய்தேன். பிள்ளைகள் அவரை ‘அவ்வா’ என்றழைத்தனர். ஆற்றங்கரை வரை சொல்லிவிட்டு, கதையை நிறுத்தி, “கண்ணு, திண்ணையில எத்தனை பேரு இருக்கோம், எண்ணிச் சொல்லு” என்றார். கையில் பதிவுக் கருவியோடு எண்ணி, ஆறு என்றேன். பிள்ளைகள் உருண்டு சிரித்தனர். எழுவர் இருந்தோம். இக்கதையைப் பற்றி ஆய்வேட்டில் ஓர் இயல் எழுதியிருந்த நான், பதிவு செய்பவள் கூட்டத்தில் சேர்ந்தவள் அல்லள் என்று என்னையறியாமலே முடிவு செய்திருந்தேன்.

இந்தப் பிழை கட்டுரையின் முற்பகுதியில் நான் எழுதியதைத் திருத்தச் செய்கிறது. கேட்பவர் விலகி நின்று சிரிக்கிறார் என்றேன். அச்சுப் பிரதியைப் படிப்பவருக்கு மட்டுமே அது பொருந்தும். வாய்மொழியில் சொல்பவர் கேட்பவரை எந்த நொடியிலும் கதைக்குள் இழுத்துவிட முடியும். வேதாந்தக் கதையின் ‘நீயே’ என்னும் சுட்டும் எள்ளற் கதையின் சிரிப்பும் அத்திண்ணையில் ஒன்றாகவே நிகழ்ந்தன. இரு மரபாக நாம் பிரித்து வைத்திருப்பது நூல்களின் பிரிவே தவிர, சொல்பவரின் பிரிவன்று.

அவ்வாவின் வடிவத்தில் அடியும் இல்லை, சாணமும் இல்லை. அழுதுகொண்டிருக்கும் அறுவரிடம் வழியே வந்த பெண் ஒருத்தி, கரையில் கழற்றி வைத்த செருப்புகளை எண்ணச் சொல்கிறாள். அவர்கள் எண்ணுகின்றனர்; பன்னிரண்டு வருகிறது. அழுகை முன்னிலும் பெரிதாகிறது. “வந்தவங்க பன்னெண்டு, இருக்கிறவங்க அஞ்சு. ஏழு பேரை ஆறு கொண்டுபோச்சு!” என்று அவ்வா முடித்தார். வேனிலிருந்து இறங்கி, கழுத்தில் நிறுவன அடையாள அட்டையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பேத்தி, தன் செருப்பைக் கழற்றி மற்றவற்றோடு வைத்தாள்.